முடிவு வருமுன் அடித்த தேங்காய்கள்

8 ஜூலை, செவ்வாய்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து வாய்க்குள் மண்.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஊசி என் மனிசி சாந்திக்கு. மயங்கி விழுந்தது நான். அறைக்குள் கூட இல்லை, வெளியே வாங்குப் பலகையில் இருந்தபடி. நர்ஸ் மிஸ் ஒரு தட்டைக் கொண்டு போனார். அதில் ஊசி. நீளம் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தால் மேலே மின்விசிறி, பக்கத்தில் சாந்தி. ஒரு கை சேலைத் தலைப்பைப் பிடித்திருக்க, மற்றக் கையால் கிளினிக் கொப்பியை வைத்து எனக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள்.

மிஸ் கேட்டார்: "ஐயா, நீங்கள் இவவைப் பாக்க வந்தனீங்களோ, இவ உங்களைப் பாக்க வந்தவவோ?"

வாங்கு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய. இருபத்தெட்டு வருஷமாகத் துறைமுகத்தில் கப்பல் வடம் இழுத்துக் கட்டுகிற மனிசன்.

விஷயம் இதுதான். சாந்தியின் இடது மார்பில் கட்டி. கொட்டைப்பாக்கு அளவு. குளிக்கும்போது தட்டுப்பட்டதாம், சித்திரையில். எனக்குச் சொன்னது ஆனி முடிகிறபோது. ஏன் இவ்வளவு நாள் மறைத்தாய் என்று கேட்டேன். "நீங்கள் பயப்பிடுவீங்கள் எண்டுதான்." பிழையில்லாத கணிப்பு.

ஊசியால் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று அடுத்த புதன் சொல்வார்களாம். 16ஆம் திகதி. எட்டு நாள். கெட்டதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை. இனி இதில் "அது" என்றே போடுவேன்.

மகள் துஷிக்குச் சொல்வதில்லை என்று முடிவு. மட்டக்களப்பில் கம்பஸ் படிப்பு, பரீட்சை நேரம். தெரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு மலர் அக்கா. சாந்தியை முதலில் கிளினிக்குக் கூட்டிப்போனது அவர்தான்.

இந்த டயறி சீமெந்துக் கடையில் தந்தது. ஜனவரியிலிருந்து காலி.

9 ஜூலை, புதன்

சீமெந்துக் கப்பல். காற்று விடவில்லை.

கப்பல் கரையில் கட்ட வரும்போது மேல்தளத்திலிருந்து முதலில் ஒரு மெல்லிய கயிறு எறிவார்கள். அதைப் பிடித்து இழுத்தால்தான் பின்னால் பெரிய வடம் வரும். இன்றைக்கு அந்தக் கயிறு நேரே என் தோளில் வந்து விழுந்தது. பிறகு நழுவிக் கடலுக்குள் போயிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனாம். ஜோசப் அண்ணை லோஞ்ச் படகைத் திருப்பிக் கொக்கியால் எடுத்துத் தந்தார்.

"என்ன தம்பி, மாலை போட்டு வரவேற்கினம் எண்டு நினைச்சியோ?"

லோஞ்ச் ஓடுகிறவர், ஐம்பத்தெட்டு வயது, வேதக்காரர். எதற்கும் "ஆண்டவருக்கு நன்றி" என்பார். சைக்கிள் பஞ்சர் என்றாலும் நன்றி. போன மாதம் லோஞ்ச் இஞ்சின் நடுவில் நின்றபோதும் சொன்னார். நாங்கள் கை வலிக்கத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தோம்.

தேத்தண்ணி நேரம் விஷயத்தைச் சொன்னேன். தன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்:

"என்ன சொல்லிக் கும்பிடுறாய்?"

"என்ன சொல்லுறது, அது நல்ல கட்டியா இருக்கோணும் எண்டுதான்."

"கேட்டுக் கேட்டு மனம் ஆறிச்சுதோ?"

"இல்லை. கூடுது."

"அப்ப கேக்கிறதை நிப்பாட்டு. நன்றி சொல்லு."

"என்னத்துக்கு அண்ணை? இன்னும் ஒண்டும் கிடைக்கேல்லையே."

"கிடைச்சதுக்குச் சொல்லு. இவ்வளவு காலமும் ஒண்டும் கிடைக்கேல்லையோ உனக்கு?"

"உங்கடை ஆக்கள் அப்படி. எங்கடை பக்கம் முதல் நேர்த்தி, பிறகு காரியம், பிறகு தேங்காய். அதுக்கொரு ஒழுங்கு இருக்கு."

"உன்ரை பிள்ளையாரும் பாவமடா. வாறவன் போறவன் எல்லாம் கேக்கத்தான் வாறான். ஒருக்கா ஒண்டும் கேளாமல் போய்ப் பார், ஆள் பயந்துபோவார்."

ஒரு நாளைக்கு மூன்று எழுதச் சொன்னார்.

நன்றி: 1. கயிறுதான் கடலுக்குள் போனது, நான் போகவில்லை. 2. சாந்தி இரவுச் சாப்பாட்டுக்கு என்னை ஏசினாள், வழமை போல. 3. —

மூன்றாவது வரவில்லை. பேனையின் பின்பக்கத்தைக் கடித்தேன். ஓ.எல் சோதனையிலும் இப்படித்தான். சமய பாடம் மட்டும் நல்ல றிசல்ட். அதுவும் முன்வாங்கைப் பார்த்து எழுதியது.

10 ஜூலை, வியாழன். போயா, பௌர்ணமி

லீவு. எல்லாம் லீவு. சாந்தியின் சதைத்துண்டும் எங்கோ ஒரு போத்தலுக்குள் லீவில் கிடக்கும். முழுநிலவை அடுத்த கிழமைக்குத் தள்ளச் சொல்லி ஆரிடம் கேட்பது.

சாந்தி அலுமாரியைக் கொட்டினாள். சேலைகள் மூன்று குவியல்.

"இது துஷிக்கு. இது மலர் அக்காக்கு. இது இருக்கட்டும்."

"ஏன் இப்ப?"

"பூச்சி பிடிச்சிடும்."

பூச்சி இல்லை. அவள் போன பிறகு ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தேன்.

சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். நேற்றும் விட்டதுதான். கேற்றைத் திறந்து பார்த்தேன், மூடினேன். மலர் அக்கா மதிலுக்கு மேலால் பார்த்து "ஆரும் வருகினமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பிறகு சாந்தி குசினிக்குக் கூப்பிட்டாள்.

"சீனி எங்கை இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்."

"போத்தலிலை."

"எந்தப் போத்தல்?"

நான் ஏதோ ஒன்றைக் காட்டினேன்.

"அது கடலைப்பருப்பு. மஞ்சள் மூடி சீனி. பச்சை மூடி உப்பு. உளுந்து இந்த ரின். காஸ் முடிஞ்சால் சுவரிலை ஒட்டியிருக்கிற நம்பருக்கு எடுக்கோணும்."

"எனக்கேன் இதெல்லாம்?"

"தெரிஞ்சிருந்தால் குறைஞ்சு போவீங்களோ?"

ஏன் சொல்லித் தருகிறாள் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

பின்னேரம் தேத்தண்ணி நானே போட்டேன், படித்த பாடத்தைக் காட்ட. அவள் ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். முழுதும் குடித்து முடித்தாள். பிறகு என்னுடையதைக் குடித்தேன். பச்சை மூடி.

நன்றி: நான் போட்ட உப்புத் தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடிக்க ஒரு ஆள் இருக்கிறாள். இன்றைக்கு இது ஒன்றே காணும்.

11 ஜூலை, வெள்ளி. மத்தியானம், துறைமுக ஷெட்டில் இருந்து

காலையில் முகம் வழிக்கும்போது ஒரு யோசனை. ஜோசப் அண்ணை சொன்னதை எங்கள் முறைப்படி செய்தால் என்ன? வரப்போகிறதைக் கேட்டால்தானே நெஞ்சிடி. தந்து முடிந்ததை யாரும் திருப்பி வாங்க ஏலாது. கலியாணம் கட்டி இருபத்தாறு வருஷம். வருஷத்துக்கு ஒரு தேங்காய். ஒன்றும் கேட்பதில்லை. அடித்துவிட்டு வருவது.

கடையில் வாங்கிய தேங்காய்ச் சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உருட்டிப் போனேன். வழியில், ரவுணுக்குள் திரிகிற மான் ஒன்று வந்து சாக்கை மணந்து பார்த்தது. தேங்காய் என்று தெரிந்ததும் விலகிப் போயிற்று. இப்போதைய விலை அதற்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோயில், சின்னத் தெருக் கோயில். ஐயர் சாக்கைப் பார்த்தார்.

"நேர்த்தியோ?"

"இல்லை ஐயா. நன்றிக்கு."

"நல்லது, நல்லது. அப்ப காரியம் கைகூடிட்டுது."

"காரியம் இன்னும்..."

மணி அடிக்கத் தொடங்கிவிட்டார்.

கல்லில் ஒவ்வொன்றாக அடித்தேன். முதலாவது, கட்டின வருஷம், வாடகை வீடு, ஒரு பாய். நாலாவது, துஷி. ஆறாவது, சுனாமியில் கடல் வந்த வருஷம். ஏழாவது, சண்டை மறுபடி தொடங்கி, அகதியாகப் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்த வருஷம். அந்த இரண்டையும் விடுவோமா என்று ஒரு கணம் நினைத்தேன். விடவில்லை. இரண்டிலும் மூன்று பேராகத் திரும்பி வந்தோம்தானே. மற்ற வருஷங்கள் என்ன நடந்தது என்று ஞாபகமே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. அவற்றுக்குத்தான் கை பலமாக ஓங்கியது.

மலர் அக்கா பூத்தட்டோடு தூரத்தில் நின்றார். கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு என்னைப் பார்த்தார். நானும் கும்பிட்டேன், நல்ல அகலமாகச் சிரித்தேன். வேலைக்கு நேரம் போய்விட்டது, ஓடி வந்தேன்.

நெஞ்சு இலேசு. நாலு நாளில் இன்றைக்குத்தான் சோறு இறங்கியது. ஜோசப் அண்ணைக்குச் சொல்ல வேண்டும், ஆளுக்கு இன்றைக்கு லீவு.

11 ஜூலை, வெள்ளி. பின்னேரம்

மேலே எழுதியதைக் கிழிக்கப் பார்த்தேன். இருக்கட்டும். முட்டாள்தனத்துக்கு அத்தாட்சி வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் சாந்தி கேற்றடியில். தலை முழுகி, பூ வைத்து, நல்ல சேலை. மூன்று குவியலில் "துஷிக்கு" என்று வைத்தது. உள்ளேயிருந்து பாயச வாசம். அழுத முகம், ஆனால் சிரிக்கிறாள்.

"எனக்குச் சொல்லாமல் பிள்ளையாரிட்டை முதல் ஓடியிருக்கிறீங்கள், என்ன? ஆஸ்பத்திரியிலையிருந்து எப்ப எடுத்தவை? போனுக்கோ?"

"என்ன கதைக்கிறாய்?"

"மலர் அக்கா சொல்லிப்போட்டா. இருபத்தாறு தேங்காய். இந்த விலைக்கு இந்த மனிசன் சும்மா அடிக்குமோ எண்டு அவவே கேக்கிறா."

அப்போதுதான் விளங்கியது.

எங்கள் ஒழுங்கையில் யார் இத்தனை தேங்காய் அடித்தாலும் ஒரே அர்த்தம்தான். வைத்த நேர்த்தி பலித்துவிட்டது. இது எனக்குத் தெரியாததா? எத்தனை பேரைக் கோயில் வாசலில் பிடித்து "என்ன, மகனுக்கு விசா வந்திட்டுதோ?" என்று நானே விசாரித்திருக்கிறேன். ஐயர் கேட்டார். அப்போதும் உறைக்கவில்லை. மலர் அக்கா அழுதார். நான் பல்லைக் காட்டினேன்.

"சாந்தி, முடிவு வரேல்லை. புதன்தான்."

நின்றாள். பாயசம் பொங்கிச் சட்டியால் வழிகிற சத்தம். உள்ளே போய் அடுப்பை நிறுத்தினாள். திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். பூவை எடுத்து மடியில் வைத்தாள்.

"அப்ப ஏன் அடிச்சனீங்கள்?"

சொன்னேன். ஜோசப் அண்ணை சொன்னது, நான் முகம் வழிக்கும்போது நினைத்தது, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே விசர்க்கதை போல இருந்தது.

"வருஷத்துக்கு ஒண்டோ?"

"ஓம்."

"ஆவணியிலைதான் இருபத்தாறு முடியும். இப்ப இருபத்தைஞ்சுதான்."

நான் விரல் விட்டு எண்ணினேன். அவள் சொன்னது சரி.

"அப்ப ஒண்டு கூட," என்றாள்.

"கூடத்தான்."

"அது என்னத்துக்கு அடிச்சது?"

"அது பிள்ளையாரிட்டை இருக்கட்டும்," என்றேன்.

சிரித்தாள். நல்லாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாக மாறியது, எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். தோளில் கை வைத்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். வைத்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு எழும்பிப் போய் இரண்டு கோப்பையில் பாயசம் கொண்டு வந்தாள். "வைச்சது வைச்சாச்சு. குடியுங்கோ."

காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அவளுக்கு நோய் இல்லை. ஆறு மணித்தியாலம். அதைக் கொடுத்தது நான், திருப்பிப் பறித்ததும் நான். நன்றி எழுதவில்லை. எழுத முகமில்லை.

12 ஜூலை, சனி

ஏழு மணிக்குத் துஷியின் போன் கோல்.

"அப்பா, மலர் அன்ரி ராத்திரி மெசேஜ் போட்டிருக்கிறா. அம்மாக்குச் சுகமாம், கடவுள் கண் திறந்திட்டாராம். அம்மாக்கு என்ன சுகமில்லாமல் இருந்தது, இப்ப சுகமாகிறதுக்கு?"

நான்: "அது பிள்ளை... ஒரு சின்ன..."

"அப்பா. பொய் சொல்ல வேண்டாம். உங்களுக்கு வராது."

போனைச் சாந்தியிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். கோழைத்தனம், ஓம். அரை மணித்தியாலம் கதைத்தார்கள். திரும்பி வந்தபோது போன் என்னிடம் வந்தது.

"எனக்கு இருபத்திரண்டு வயசு அப்பா. சின்னப் பிள்ளை இல்லை."

"ஓம்."

"இருபத்தாறு தேங்காயோ?"

"ஓம்."

"அண்டைக்கு என்ரை ரீச்சர் குமாரி மிஸ்ஸின்ரை கலியாணத்துக்கு மொய் எழுதேக்கை எவ்வளவு யோசிச்சனீங்கள்," என்றாள். அழுதுகொண்டு பகிடி விடுகிறாள். தாயின் பிள்ளை.

பரீட்சையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நின்றாள். வரக்கூடாது என்று சாந்தி. கடைசியில், ஒவ்வொரு நாளும் மூன்று தரம் கோல் எடுப்பது என்று சமாதானம்.

மலர் அக்கா வந்தார். வாசலில் நின்றே அழுதார். "நான் என்ர வாயை வைச்சுக்கொண்டு இருந்திருக்கலாம் தம்பி." நான்தான் பிழை, அக்கா, என்றேன். நீங்கள் கண்டதைத்தானே சொன்னீங்கள். கோயிலில் நான் அடித்ததில் பொறுக்கி வந்த தேங்காய்ச் சொட்டில் சம்பல் இடித்துக் கொண்டு வந்திருந்தார். அதையே பாணோடு சாப்பிட்டோம், மூன்று பேரும்.

நன்றி: வீட்டுக்குள் இனிக் குசுகுசுக்கத் தேவையில்லை. போனில் கதைக்கும்போது சிரித்த குரல் வைக்கத் தேவையில்லை. இது எனக்கு உண்மையிலேயே பெரிய ஆறுதல். நான் செய்த பிழையால் வந்ததுதான், என்றாலும்.

13 ஜூலை, ஞாயிறு

காற்று. மீன் வாங்கப் போனேன். வழியில் நாலு பேர் கை குலுக்கினார்கள். முதல் இரண்டு பேருக்கும் முழுக்கதையும் சொன்னேன். மூன்றாவது ஆளுக்கு "இன்னும் தெரியாது" என்றேன். மீன்காரர் "மனிசிக்குச் சுகமாமே, இந்தாங்கோ" என்று ஒரு சூடை மீன் கூடப் போட்டார். அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. மீனைத் திருப்பிக் கொடுக்கிற தைரியம் இல்லை. வீட்டுக்கு வரும்வரை அந்த ஒரு மீன் மட்டும் பாரமாக இருந்தது.

பின்னேரம் சும்மா கடற்கரைக்கு நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். சாந்தி: "காலிலை என்ன, சக்கரமோ?"

நன்றி: அவள் ஏசுகிறாள். (முதலே எழுதியதுதான். மறுபடியும்.)

14 ஜூலை, திங்கள்

கோதுமைக் கப்பல். கயிற்றை ஒழுங்காகப் பிடித்தேன்.

தேங்காய்க் கதையைக் கேட்டு ஜோசப் அண்ணை லோஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"உங்கடை கதையைக் கேட்டுத்தான் இது நடந்தது. உங்களுக்கு நன்றி சொல்லுறது லேசு. மேரி அக்கா போன அண்டைக்குச் சொன்னனீங்களோ?"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்தேன். அவர் மனைவி மேரி போய் நாலு வருஷம்.

சிரிப்பை நிறுத்தினார். கயிற்றைச் சுருட்டினார். சுருட்டி முடித்துவிட்டுச் சொன்னார்:

"இல்லை. அண்டைக்குச் சொல்லேல்லை. ஒரு வருஷம் சொல்லேல்லை. கோயிலுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு இருப்பன். பிறகு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னன். முப்பத்தொரு வருஷம் தந்ததுக்கு எண்டு. கோபமாத்தான் சொன்னன். ஏசுற மாதிரி."

"அது எடுபட்டுதோ அண்ணை?"

"தெரியாது. ஆனால் அதுக்குப் பிறகு சாப்பிடத் தொடங்கினன்."

மன்னிப்புக் கேட்டேன். "போடா" என்றார். கப்பல்காரன் மேலேயிருந்து கத்தினான், இரண்டாவது வடம்.

15 ஜூலை, செவ்வாய்

நாளை.

வேலையில் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. கை தானாகச் செய்திருக்கும்.

சாந்தி என் சேர்ட்டை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி வைத்திருக்கிறாள். கிளினிக் கொப்பி, துண்டு, தண்ணிப் போத்தல், எல்லாம் ஒரு பையில். துஷி மூன்று தரம் இல்லை, ஐந்து தரம் எடுத்தாள். ஐந்தாவது தரம் போனைச் சும்மா காதில் வைத்துக்கொண்டு இருந்தோம்.

சாந்தி தலை சீவிக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு அது எண்டு சொன்னால் என்ன செய்வீங்கள்?"

"சீனி எதெண்டு தெரியும்."

சீப்பால் எறிந்தாள். படவில்லை.

நன்றி: சீப்பு. குறி தவறியது. இன்றைய நாள் முடிகிறது, இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

16 ஜூலை, புதன்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். எட்டு மணிக்கே வாங்கில்.

எங்கள் நம்பர் 14. பக்கத்தில் 13, ஒரு புருஷனும் பெண்சாதியும். அவருக்கு அறுபது இருக்கும், மனைவிக்குக் கொஞ்சம் குறைய. திரியாயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்களாம். மனைவிக்கும் இதே சோதனை, இதே புதன்.

"ராத்திரி யானை வந்து வேலியைப் பிடுங்கிப்போட்டுது, தம்பி. இவ சொல்லுறா, வேலியைக் கட்டிப்போட்டு வாங்கோ, நான் தனியப் போறன் எண்டு. நான் சொன்னன், யானை திரும்பி வரும், டொக்டர் வரமாட்டார்."

மனைவி சாந்தியிடம் சொன்னார்: "யானைக்கும் இவருக்கும் ஒரே குணம், பிள்ளை. சொல்லுக் கேக்காயினம்."

சாந்தி சிரித்தாள். புருஷன் பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துத் துடைத்து எனக்கொன்று தந்தார். "வீட்டு மரம். உப்புத்தூள் இல்லை, சமாளியுங்கோ." எனக்குச் சாப்பிட மனமில்லை. என்றாலும் தந்த மனிசனின் முகத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தேன்.

13ஐக் கூப்பிட்டார்கள். போனார்கள்.

பத்து நிமிஷம் இருக்கும். கதவு திறந்தது. அவர் மனைவி முன்னால் வந்தார், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. சத்தம் அதற்குள்ளாலும் வந்தது. அவர் பின்னால், கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. நான் கண்ணை மூடினேன்.

14.

"நீங்கள் இருங்கோ, விழுந்திடுவீங்கள்," என்றாள் சாந்தி. நான் கேட்கவில்லை, உள்ளே போனேன். சின்ன வயது டொக்டர், சிங்களப் பிள்ளை. தமிழை எண்ணி எண்ணிப் பேசினார். "அம்மா, பயம் வேண்டாம். இது கெட்டது இல்லை. ஆறு மாதம் போனால் திரும்பப் பார்ப்போம்."

சாந்தி கேட்டாள்: "கெட்டது இல்லையோ?"

"இல்லை, அம்மா."

"இல்லையோ?"

"இல்லை, இல்லை."

மூன்றாவது தரம் நான் கேட்டேன்.

வெளியே வந்தால் திரியாய்க்காரர் குழாயடியில் போத்தலுக்குத் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். விளங்கிவிட்டது. வந்து என் கையைப் பிடித்தார், ஈரக்கை.

"நல்லதோ?"

"ஓம் ஐயா."

"நல்லது தம்பி. நல்லது. கடவுள் இருக்கிறார்."

அவரே சொன்னார்: "இவவுக்கு வெட்டோணுமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகினம். பாப்பம். போய் முதல் வேலியைக் கட்டோணும்." சாந்தி அவர் மனைவியின் பக்கத்தில் போய் இருந்தாள், தோளோடு தோளாக. பஸ் நேரமாகும் வரை இருந்தாள்.

ஓட்டோவில் துஷிக்கு எடுத்தோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைத்தோம், ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டோக்காரர் கண்ணாடியால் பார்த்துச் சிரித்தார். மலர் அக்காவுக்குச் சாந்தியே போய்ச் சொன்னாள், இந்த முறை சரியாக.

பொழுது படச் சாமித்தட்டில் விளக்கு வைத்தாள். கன நேரம் கும்பிட்டாள். பிறகு என்னைக் கேட்டாள்:

"அந்தத் திரியாய் அக்கான்ரை பேர் என்ன?"

"கேக்கேல்லை."

"நானும் கேக்கேல்லை. பேர் தெரியாட்டிலும் அவவுக்காகவும் கும்பிடுங்கோ." கொஞ்சம் பொறுத்து: "நீங்கள் அப்பவே கும்பிட்டனீங்கள், என்ன? அவ அழுதுகொண்டு வரேக்கை கண்ணை மூடிக்கொண்டு இருந்ததைப் பாத்தனான். அவவுக்காகத்தானே?"

"ஓம்," என்றேன்.

அந்த அக்காவுக்காக இல்லை. இன்றைக்கு இந்தக் கதவால் ஒருவருக்குத்தான் அது வரும் என்றிருந்தால், வந்துவிட்டது, எங்களை விட்டுப் பக்கத்தால் போய்விட்டது என்று நினைத்தேன். நன்றி பிள்ளையாரே என்றேன், அந்த மனிசியின் அழுகை காதில் விழ விழ. இந்த எட்டு நாளும் பேனையைக் கடித்துத் தேடி எழுதினேன், ஒன்றும் இப்படித் தானாக, நெஞ்சின் அடியிலிருந்து வரவில்லை. அப்போது என் வாய்க்குள் அந்தத் திரியாய்க்காரர் தந்த கொய்யாப்பழம் இருந்தது.